ஆர்த்திகாவுக்கு அறுபத்தோரு மதிப்பெண்

1

ஒரு கடிதத்தை எழுதாமல் தப்பிப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை அவமானப்படுத்த வேண்டாம். கடிதம் அரைப் பக்கம்கூட வராது. கதை நாலு பக்கத்தைத் தாண்டும் போலிருக்கிறது. கோழைத்தனத்துக்குத் தாள் அதிகம் பிடிக்கும். (இந்த வாக்கியம் கொஞ்சம் ஜம்பமாக இருக்கிறது. அப்புறம் அடித்துவிடலாம்.)

என் பெயர் அசோக்குமார். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிப்பது அரசாங்கம் எனக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் ஒன்று. மீதி நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன். இல்லாத ஆட்களை இருப்பதாகக் காட்டுவதில் இரண்டு இடத்திலும் எனக்கு நல்ல பெயர் உண்டு.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: ‘சமயநல்லூரைத் தாண்டி வலப்பக்கம் பிரியும் சாலையில், கொளுத்தும் வெயிலில்...’ வெயிலில் தொடங்காத மதுரைக் கதை ஒன்றாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது: ‘கல்வி என்பது யாதெனில்...’ இதற்கு நானே வெட்கப்பட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது, நடந்தது நடந்தபடி. போன வருடக் கணக்கெடுப்பில், சமயநல்லூரைத் தாண்டிய ஓர் ஊரில் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் மோட்டாரைக் கழற்றி, சாக்கில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள்.

“எந்த ஸ்கூல்மா படிக்கிற?”

“வீட்ல படிக்கிறேன் சார்.”

“அது சரிம்மா. ஸ்கூல் பேரு?”

“வீடுதான் சார்.”

அவள்தான் ஆர்த்திகா. அப்பா சிவபாண்டி, சென்னையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டுத் தோப்புக்குத் திரும்பியவர். அம்மா பாண்டிச்செல்வி, ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் பாடம் நடத்தியவர். வாரத் தேர்வு, மாதத் தேர்வு, தேர்வுக்கு முன் ஒரு மாதிரித் தேர்வு என்று பிள்ளைகளைப் பிழிந்தது போதும் என்று முடிவெடுத்து, சொந்த மகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வளர்த்துவிட்டார்கள்.

“உக்காருங்க சார், மோர் குடிக்கிறீங்களா?” என்றார் சிவபாண்டி. “எம்மகள எந்தப் பரீட்சைக்கும் அனுப்புறதில்ல. வீட்ல படிக்கிறது தப்புன்னு சட்டத்துல எங்கயும் எழுதல.”

“சரின்னும் எழுதலயே சார்.”

“அப்ப நீங்களும் நானும் ஒரே பக்கத்தத்தான் படிச்சிருக்கோம்.”

[குறிப்பு: ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது சட்டம். வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பவர்களைப் பற்றி அது வாயைத் திறப்பதில்லை. கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் வரும். எனக்கு விளக்கம் தேவையில்லை, என் கைப்பேசியில் செயலி இருக்கிறது.]

3

அந்தச் செயலியில், குழந்தை ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்பதற்கு ஐந்து காரணங்கள் இருந்தன. வேலைக்குப் போகிறது. ஊர் மாறிவிட்டது. உடல்நலமில்லை. திருமணமாகிவிட்டது. இறந்துவிட்டது. மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரில் மோட்டார் மாட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இதில் எது பொருந்தும் என்று யோசித்தேன். ‘இறந்துவிட்டது’ என்பதைத் தொட்டால் சான்றிதழ் கேட்டது. (ஆம், தொட்டுப் பார்த்தேன்.)

ஆறாவதாக ஒன்று இருந்தது: ‘பள்ளியில் சேர்க்கப்பட்டார்’. அதற்கு எந்தச் சான்றும் கேட்கவில்லை.

மாதக் கடைசிக்குள் எங்கள் பகுதியில் பள்ளி செல்லாத குழந்தை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உத்தரவு. அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை தமிழ்வாணிக்கோ வேறு கவலை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

“பேர மட்டும் ஏத்தி விடுங்க சார், மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்றார்.

தொட்டேன்.

(இந்த இடத்தில் என் மனப்போராட்டம் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். போராட்டம் எதுவும் நடக்கவில்லை என்பதால் எடுத்துவிட்டேன்.)

4

மற்றதைப் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். ஆர்த்திகா ஏழாம் வகுப்புக்குத் தொண்ணூற்றிரண்டு சதவீதம் நாட்கள் வந்தாள். மார்கழியில் காய்ச்சல் என்று நான்கு நாள் வரவில்லை; அந்தப் பள்ளியில் என்னைவிட நல்ல எழுத்தாளர் யாரோ இருக்கிறார். சத்துணவில் முட்டை சாப்பிட்டாள். இலவசச் செருப்பு வாங்கினாள், அளவு நாலு. அரையாண்டுத் தேர்வில் அறிவியலுக்கு அறுபத்தோரு மதிப்பெண் எடுத்தாள்.

இவ்வளவு நம்பகமான கதாபாத்திரம் ஒன்றை நான் இதுவரை படைத்ததில்லை. இவளும் என் தனிப் படைப்பு அல்ல, கூட்டு முயற்சிதான்.

5

கதையை இங்கே நான் திருப்பியிருக்க வேண்டும். என்னைக் கேட்காமல் அவளே திருப்பிவிட்டாள்.

பள்ளிக்கே போகாதவர்களும் பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆர்த்திகா அதை எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாக அப்பாவிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். இந்த வருடம்தான் சிவபாண்டி, ‘ஒரே ஒரு தடவை’ என்று இறங்கி வந்திருக்கிறார். சேவை மையத்தில் விண்ணப்பத்தை ஏற்றினால் திருப்பி அனுப்பிவிட்டது: ஏற்கெனவே பள்ளியில் படிக்கும் மாணவி, தனித்தேர்வராக எழுத இயலாது. கூடவே அவளுடைய மதிப்பெண் பட்டியலும் திரையில் வந்திருக்கிறது.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

“சார், எனக்கு சயின்ஸ்ல அறுபத்தொண்ணாம். யாரு சார் போட்டது?”

நான் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினேன்.

“எந்தக் கேள்வியில விட்டேன்னாச்சும் தெரியுமா சார்?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பேச்சை மாற்ற, “உனக்கு எதுக்கும்மா பரீட்சை? உங்கப்பா அம்புட்டுப் பிடிவாதமா வேணாங்கிறாரு” என்றேன்.

“நான் என்ன எழுதுனாலும் அப்பாவும் அம்மாவும் நல்லாருக்குன்றாங்க சார். எம்மேல பாசமே இல்லாத ஒருத்தரு திருத்தணும். அப்பத்தான் எனக்கு எம்புட்டுத் தெரியும்னு தெரியும்.”

பாண்டிச்செல்வி மகளைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவங்கப்பாகிட்டப் போயி விஷயத்தச் சொன்னேன்” என்றார். “‘பாத்தியா, போகாத பிள்ளைக்கே மார்க்குப் போட்டுட்டாய்ங்க. இதுக்குத்தான் வேணாங்கிறேன்’ன்றாரு. இந்தத் தடவ விட்டா அவரு மறுபடி ஒத்துக்கிற மாட்டாரு சார். பேர மட்டும் எடுத்து விட்டுருங்க.”

சிவபாண்டி சொன்னதில் என்னால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குக் கேவலமாக இருந்தது.

6

பெயரை எடுப்பதற்கு ஒரே வழி, சேர்க்கை பொய் என்று பதிந்தவரே எழுதிக் கொடுப்பது. அதுவும் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள். ‘தவறுதலாக’ என்ற சொல் செல்லாதாம். ஒரு வருடம் முழுக்க யாரும் தவறுதலாக முட்டை சாப்பிட முடியாது. எழுதிக் கொடுத்தால் எனக்கு 17ஏ நோட்டீஸ் வரலாம், அதாவது விளக்கம் கேட்டு ஊதிய உயர்வில் கைவைப்பது. அல்லது 17பி வரலாம், அதாவது முழு விசாரணை.

தமிழ்வாணி போன் செய்தார். “நீங்க எழுதுனா நானும் மாட்டுவேன் சார். அந்தப் பிள்ள அடுத்த வருசம் எழுதிக்கிறட்டும்.”

அதனால்தான் கடிதத்தை விட்டுவிட்டுக் கதைக்கு முடிவு தேட ஆரம்பித்தேன்.

முடிவு அ: நேர்மையான அதிகாரி ஒருவர் விஷயம் கேள்விப்பட்டு, ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். (அப்படி ஒருவரைப் படைக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். அவருடைய கையெழுத்து அலுவலகத்தில் செல்லாது.)

முடிவு ஆ: ஆர்த்திகா நேராக அந்தப் பள்ளிக்கே போய் உட்காருகிறாள். வருகை எண் தயாராக இருக்கிறது, செருப்பும் இருக்கிறது. தோழிகள் அவளை...

முடிவு இ: சட்டத்தில் வீட்டுக்கல்விக்கு ஒரு பிரிவும், செயலியில் ஏழாவதாக ஒரு பொத்தானும் சேர்க்கிறார்கள். (சிரித்தது போதும், அடுத்ததுக்குப் போவோம்.)

7

இன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை. அம்மாவும் மகளும் வந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடிதம் எங்கே என்று கேட்ட ஆர்த்திகாவிடம், வேறு எதுவும் கையில் இல்லாததால், மேலே நீங்கள் படித்த ஆறு பகுதிகளையும் கொடுத்தேன். நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தாள்.

“கத நல்லாருக்கு சார்” என்று திருப்பிக் கொடுத்தாள். “ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் எழுதல.”

பாண்டிச்செல்வி, “ஏய், சார்கிட்ட அப்படியெல்லாம் பேசாத” என்றார். “இல்லங்க, சரியாத்தான் சொல்லுது” என்றேன்.

ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். ‘ஐயா, ஆர்த்திகா என்ற சிறுமி பதிவேட்டில் உள்ள பள்ளிக்கு ஒருநாளும் வரவில்லை. சேர்ந்ததாகப் பதிந்தது நான்தான். தெரிந்தே பதிந்தேன்.’ அடைப்புக்குறி எதுவும் தேவைப்படவில்லை. கையெழுத்தைப் போட்டேன். அவள் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து போகிறாள். பின்னாலேயே அம்மாவும் போகிறார்.

இப்படிப்பட்ட கதைகளில் இந்த இடத்தில் முடிவை வாசகரின் கையில் கொடுப்பது வழக்கம். தருகிறேன். எனக்கு 17ஏ-வா, 17பி-யா, தமிழ்வாணி இனி என் முகத்தில் விழிப்பாரா என்பதையெல்லாம் உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்குள் கடிதத்தை வாங்கிக்கொண்டார்களா, அவள் பரீட்சை எழுதினாளா, எவ்வளவு எடுத்தாள் என்பதை மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அவளுக்காக நாங்கள் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டோம்.