நடந்து பழுத்த தூரம்

எங்கள் ஊரில் விளைந்த ஒரே பொருள் தூரம். அதை வெட்டிச் சுருட்டி விற்றுத்தான் நாங்கள் சோறு சாப்பிட்டோம்.

ஊரின் பெயர் பனையடியேந்தல். கண்மாய் இருந்தது, அதில் தண்ணீர் நின்றதில்லை. நிலம் இருந்தது, சீமைக் கருவேலம் தவிர வேறெதுவும் அதில் எழும்பியதில்லை. கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தோம். குடிநீர்க் கிணறு மேற்கே நெடுந்தூரத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் கிழக்கே அதே அளவு. ரேஷன் கடையும் ஆஸ்பத்திரியும் அதையும் தாண்டி. விடியலில் குடத்தோடு கிளம்பும் பெண்கள் வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார்கள். என் மனைவி சிவத்தாயியும் அப்படி நடந்தவள்தான். அவள் இறந்த பிறகு வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்று வந்தது.

திட்டத்திலிருந்து வந்தவர் கோதைநாயகி என்ற அம்மாள். வறுமையைக் குறைத்து, நிலைத்து நிற்கும் ஒரு பிழைப்பை ஊருக்கு உண்டாக்கித் தருவது அவருடைய வேலை. அவர் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்து, ஊரைத் தரையில் வரையச் சொன்னார்.

"இல்லாதது எதையும் வரைய வேணாம். இருக்கறத மட்டும் வரைங்க."

பெண்கள் வரைந்தார்கள். வீடுகள் ஓரிடத்தில் புள்ளிகளாகக் கிடந்தன. கிணறு ஒரு புள்ளி, பள்ளிக்கூடம் ஒரு புள்ளி. மற்ற இடமெல்லாம் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகிற கோடுகள். பொடி முழுவதும் கோட்டுக்கே செலவாகியது.

என் மனைவியின் தங்கை பஞ்சவர்ணம் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி.

"எங்ககிட்ட இருக்கறது இந்தத் தூரந்தான் தாயி. வேணும்னா சுருட்டிக் கட்டித் தர்றோம், கொண்டு போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கோதைநாயகி அம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து கிணற்றுப் பாதையின் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாப் பழுத்திருக்கு" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முதல் தூரத்தை வாங்கிப் போக நகரத்திலிருந்து வேன் வர ஆரம்பித்தது.

தூரத்தை வெட்டுவது பெரிய வித்தை இல்லை. காலையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்க வேண்டும். ஓரத்தில் அரிவாளைக் கொடுத்து இழுத்தால் பாய்போல் எழும்பி வரும். அதைச் சுருட்டிப் பனைநாரில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வேனுக்குப் போக வேண்டியதுதான். நகரத்தில் இதற்கு எப்போதும் ஆள் இருந்தது. அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒன்றுமில்லையாம். மேல்மாடிக்காரர் செருப்பைக் கழற்றினால் கீழ்மாடிக்காரர் கண் விழித்துக்கொள்வாராம். மாமியார் கட்டிலுக்கும் மருமகள் கட்டிலுக்கும் நடுவே விரிக்கவே நிறையப் பேர் வாங்கிப் போனார்கள். கால்படாத தூரம் அங்கே எடுபடவில்லை. குடம் சுமந்து, பசியோடு நடந்து பழுத்ததைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

யார் கால் அதிகம் பட்டதோ அவர்களுக்கே அந்தத் தூரம் சொந்தம் என்று குழுவில் முடிவானது. கணக்குப் பார்த்தால் ஊரில் இருந்த தூரமெல்லாம் பெண்களுடையது. கிணறு, விறகு, ரேஷன், பள்ளிக்கூடம் என்று எல்லாப் பாதையும் அவர்கள் கால்பட்டவை. ஆண்களில் சந்தனக்காளைக்குச் சாராயக் கடைக்குப் போகும் பாதை சொந்தமாக இருந்தது.

"அதையும் வித்துரு மாமா, கடை வீட்டு வாசலுக்கே வந்துரும்" என்று பஞ்சவர்ணம் சொன்னாள்.

"வந்துட்டா உங்கத்த தெனம் அதுலதான் முழிப்பா. எனக்கு அந்த வம்பு வேணாம்" என்றார் அவர். ஆனாலும் விற்றார்.

எனக்கும் ஒன்று இருந்தது. என் வீட்டுப் பின்கதவிலிருந்து தெற்கே இடுகாடு வரை போகிற பாதை. எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்கு வர மாட்டார்கள். பாடை முச்சந்தியைத் தாண்டும்போது அவர்கள் நின்றுவிடுவார்கள். ஆண்களும் சாவு விழுந்தால்தான் போவார்கள். சிவத்தாயியைப் புதைத்த பிறகு நான் மட்டும் தினமும் சாயங்காலம் அங்கே போய் அவள் மேட்டருகே உட்கார்ந்துவிட்டு வருவேன். வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, அது வழக்கம். நான் எழுந்து வந்த பிறகு அவள் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்ப்பாளா என்பது எனக்குத் தெரியாது. அப்படி நடந்து நடந்து அந்தப் பாதை என்னுடையதாகிவிட்டது.

கோதைநாயகி அம்மாள் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வெட்டும்போது வேர்ப்பக்கம் ஒரு முழம் விட்டுவிட வேண்டும், விதைநெல்லை எடுத்து வைப்பதுபோல. மழையிலும் நடையிலும் அது மறுபடி வளரும். அப்படிச் செய்தால் பேரன் பேத்தி காலத்துக்கும் பிழைப்பு இருக்கும்.

எங்கள் பெண்கள் விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் அல்ல. எந்தப் பஞ்சத்திலும் அதில் கை வைத்ததில்லை. ஆனால் இது கிணற்றுக்குப் போகிற தூரம். பிறந்ததிலிருந்து அவர்கள் கழுத்தை அழுத்திய தூரம். அதில் ஒரு முழத்தை மிச்சம் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. வேரோடு சுரண்டி எடுத்தார்கள். கிணறு அடுப்படிக்கு வந்து நின்றது. எல்லா வீட்டு அடுப்படிக்கும் அதே கிணறுதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீர் மொண்டார்கள். பஞ்சவர்ணம் அன்று ஒரு குடத்தை எடுத்துக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பள்ளிக்கூடம் வந்தது. ரேஷன் கடை வந்தது. கடைசியில் ஆஸ்பத்திரிச் சுவரும் பஞ்சவர்ணத்தின் அடுப்படிச் சுவரும் ஒன்றாகின. பிறகு பாதைகள் தீர்ந்துபோனதால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்ததை வெட்டினார்கள். அதன் பிறகு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்ததை. என் வீட்டில் நான் இருமினால் பக்கத்து வீட்டில் யாராவது என் முதுகைத் தடவிக் கொடுப்பார்கள்.

விற்க ஒன்றுமில்லாமல் போனதும் வேன் நின்றது. அது வந்த தூரம் அதனுடையது, போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பியவர்கள் மூட்டையைத் தோளில் போட்டபடி வாசலிலேயே நின்றார்கள். ஊரைவிட்டுக் கிளம்ப முதலில் கொஞ்சம் தூரம் வேண்டும். அரிசிப் பானைகள் பழையபடி காலியாயின. கிணறு மட்டும் பக்கத்தில் இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

மிச்சம் இருந்தது என் பாதை ஒன்றுதான். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் பின்கதவைத் திறந்துகொண்டு போவதையும் வருவதையும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

பஞ்சவர்ணத்தின் மகள் அமுதராணிக்கு மாதம் நிறைந்திருந்தது. நாள் தள்ளிப்போயும் பிள்ளை வெளியே வரவில்லை. நர்ஸ் ஜெசிந்தா ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகவே கையை நீட்டி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"பிள்ள நல்லா இருக்கு. வெளிய வர ஒரு முழம் வேணும். உள்ளேயிருந்து வெளிய வர்றதும் ஒரு தூரந்தானம்மா. இங்க அது எங்க இருக்கு?"

"அப்ப என்ன பண்றது?"

"இன்னைக்குப் பொழுதுக்குள்ள கெடைக்கணும். இல்லைன்னா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல."

அது உச்சிவேளை. பஞ்சவர்ணம் என் பக்கம் திரும்பினாள். அவள் தன் வீட்டிலும் நான் என் வீட்டிலும் உட்கார்ந்திருந்தோம், முழங்கை இடித்தது.

"மச்சான்."

"சொல்லு."

"வேன்காரனுக்குக் கேக்கல. குழுவுக்கும் கேக்கல."

"தெரியுது. ஒரு முழந்தானே?"

"ஒரு முழந்தான். பார்த்து வெட்டுங்க, வேர் போயிராம."

"வேர் எந்தப் பக்கம்?"

"என்னயக் கேட்டா? பொம்பளக போற பாதையா அது? எங்கக்காவக் கொண்டு போனப்பகூட முச்சந்தியிலதான நின்னேன். நீங்கதான் தெனம் போறீக, வேரப் பாக்கலையா?"

நான் வேரைப் பார்த்ததில்லை. கதவுப் பக்கம் இருக்காது என்று நினைத்தேன். பின்கதவைத் திறந்து, தண்ணீர் தெளித்து, கதவருகே ஒரு முழம் வெட்டிச் சுருட்டிக் கொடுத்தேன். பஞ்சவர்ணம் முந்தானையை விரித்து அதை வாங்கி உள்ளே கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெசிந்தாவின் குரல் வந்தது. "பத்தல. இன்னும் கொஞ்சம்."

வெட்டிக் கொடுத்தேன். வெட்ட வெட்டத் தெற்கே இருந்தவை கதவை நோக்கி வந்தன. முதலில் வறண்ட ஓடை வந்தது. அதன் மணல் என் கால்விரல்களில் பட்டுச் சுட்டது. பிறகு இரட்டைப் பனை வந்தது. அதன் நிழல் வீட்டுக்குள் விழுந்து, அடுக்குப் பானைகள்மீது கிடந்தது.

"இன்னும்" என்றார் ஜெசிந்தா. "பிள்ள காலைக் கொடுத்துக்கிட்டு வருது."

அடுத்து இருந்தது பாடை இறக்கும் கல். அங்கே பாடையை இறக்கி, தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றித் தூக்குவார்கள். அந்தக் கல் இருந்த துண்டை வெட்டிக் கொடுத்தேன். அது போய்ச் சேர்ந்ததும் பிள்ளை உள்ளே ஒரு தரம் திரும்பிப் படுத்தது. இப்போது தலை கீழே வந்துவிட்டது என்று ஜெசிந்தா சொன்னார். அமுதராணியின் முனகல் நின்று, பிறகு பெரிதாகக் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு முழம் அண்ணே."

மிச்சம் இருந்ததும் ஒரு முழம்தான். அந்தப் பக்கத்து முனையில் சிவத்தாயியின் மேடு இருந்தது. நான் வைத்த கற்றாழை அதன் தலைமாட்டில் நின்றது. மண் விரிந்திருந்தது. வேர் அங்கேதான் இருந்தது, வெள்ளையாக, அருகம்புல் வேர்போல. விதைக்கு விட வேண்டிய முழம் அது. அதை வெட்டிவிட்டால் நாளைச் சாயங்காலம் நான் எங்கே நடப்பது என்று யோசித்தேன். அரிவாளைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பஞ்சவர்ணம் முந்தானையை விரித்தபடி நின்றாள். முதல்முறையாக அவள் இடுகாட்டைப் பார்த்தாள்.

"நாங்கதான் அங்க வரக் கூடாது. அது இங்க வந்தா என்ன பண்ணணும்னு யாரும் சொல்லலையே மச்சான். மூஞ்சிய மூடிக்கவா?"

"மூட வேணாம். உங்கக்காதானே."

"இத வேணாம்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் முந்தானையைத் தாழ்த்தினாள், அதில் இருந்த புழுதி சிந்தியது.

உள்ளே அமுதராணியின் சத்தம் குறைந்துகொண்டே போனது. நான் அரிவாளை எடுத்தேன். வேரோடு வெட்டிக் கொடுத்தேன். அரிவாள் கதவு நிலையில் போய் இடித்தது.

அந்தத் தூரத்தைத் தாண்டி, வாசலுக்கு வெளியே பெண்பிள்ளை பிறந்தது. உடனே அழவில்லை. ஜெசிந்தா தூக்கிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார், பிள்ளை விறைத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்ட மறுத்தது. இடுகாட்டுப் பாதையில் வந்த பிள்ளை கால் கழுவாமல் வீட்டுக்குள் வராது என்று பஞ்சவர்ணத்துக்குப் புரிந்துவிட்டது. கிணற்றில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு அதன் பாதங்களில் ஊற்றினாள். பாதங்களில் ஓடை மணல் இருந்தது. கழுவிவிட்டதும் பிள்ளை உள்ளே வந்து அழுதது. அமுதராணி கண்ணைத் திறந்து, "என்ன பிள்ளம்மா?" என்று கேட்டாள்.

பிள்ளையின் வலது கை மூடியே இருந்தது. பஞ்சவர்ணம் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளே பச்சரிசி இருந்தது. சிவத்தாயிக்கு நாங்கள் போட்ட வாய்க்கரிசி. அதில் இருந்த மஞ்சள்கூட மங்கவில்லை.

"அக்கா கொடுத்துவிட்டிருக்கா" என்றாள் பஞ்சவர்ணம். "பிள்ளைய வெறுங்கையோட அனுப்புவாளா அவ?"

அரிசியை முறத்தில் பரப்பினாள். ஊரில் அன்று யார் வீட்டிலும் அரிசி இல்லை. அவள் அதில் பாதியை உலையில் போட்டாள். அது பொங்கி எல்லா வீட்டுக்கும் வந்தது. மற்றப் பாதியைப் போடப் போனவள் நிறுத்தி, கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல கை வைக்கப்படாது. போன தடவ பண்ணின மாதிரி பண்ணப்படாது."

என் பின்கதவு வாசலில் மண்ணைக் கிளறி அந்த அரிசியை ஊன்றினோம்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது அங்கே ஒரு விரற்கடைத் தூரம் முளைத்திருந்தது. வெளிர்ப் பச்சை நிறம், ஈரம் காயவில்லை. யாரும் மிதித்துவிடாமல் இருக்க அதைச் சுற்றிக் கருவேல முள் வெட்டி வைத்தேன். கோழிகள் எப்படியும் புகுந்துவிடும் என்று கவலைப்பட்டேன். அந்தக் கவலை தேவைப்படவில்லை. முள்ளுக்கு அந்தப் பக்கம், கற்றாழையை ஒட்டி, சிவத்தாயி ஒரு குச்சியோடு உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

"காப்பி போட்டீகளா?" என்று கேட்டாள்.

போட்டிருந்தேன். முள்ளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கொடுத்தேன். அந்த ஒரு விரற்கடைக்குக் கை எட்டியது.