கவர் தைத்தவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்குரூ டிரைவரும் கையுமாகப் பழைய வீடியோ கேமைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். என் தம்பி சித்தார்த்தன் பதறிக்கொண்டு வந்தான்.

"ஓடிக்கினு கீறது இது ஒண்ணுதான்க்கா. அத்தயும் கெடுத்துடாத."

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. முப்பது வருஷமாக இது ஏன் சாகவில்லை? வீட்டுக்கு வந்து நாற்பதே நாளில் புதுசு ஏன் செத்தது? ஒரு வாரமாக இந்தக் கேள்வி சோறு தின்னும்போதும் தையல் மிஷினை மிதிக்கும்போதும் கூடவே வந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்த வியாதி உண்டு. ஒரு விஷயம் ஏன் என்று தெரியாவிட்டால் தூக்கம் பிடிக்காது.

பழசு எங்கள் நைனா ராபர்ட்சன்பேட்டையில் வாங்கிக் கொடுத்தது. அப்போது அவர் தங்க மைன்ஸில் வென்டிலேஷன் பிரிவில் இருந்தார். கேசட்டைச் சொருகும் முன் வாயால் ஊத வேண்டும், ஊதாவிட்டால் திரையில் கோடுதான் வரும். நானும் சித்தார்த்தனும் அதில் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை. எனக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு முப்பத்தெட்டு. இன்றைக்கும் துப்பாக்கி ஆட்டத்தில் அவன் என்னை ஜெயித்ததில்லை. அவன் ஒப்புக்கொள்ள மாட்டான்.

மாரிகுப்பத்தில் நான் தையல்காரி. ஜாக்கெட்டை விட அதிகம் தைத்தது கவர்தான். ஆடிக் காற்று கிளம்பினால், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டுத் தூள் மாவு மாதிரி வந்து வீட்டுக்குள் இறங்கும். மூடி வைத்த குழம்பிலும் நறநறக்கும். அதனால் டிவி, மிக்ஸி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் இங்கே சட்டை உண்டு. மற்ற ஊர்களில் புதுப் பொருள் வந்தால் பொட்டு வைப்பார்கள், எங்கள் மைன்ஸ் லைன் வீடுகளில் முதலில் அளவெடுப்பார்கள். அளவெடுப்பவள் நான்.

புதுசைக் கொண்டுவந்தவன் லாய்ட். பக்கத்து சாம்பியன் ரீப்ஸ்காரன், பெங்களூரில் டிவி ரிப்பேர் கடையில் வேலை. அவனும் சித்தார்த்தனும் ஒரே பள்ளிக்கூடம், அப்புறம் பதினெட்டு வருஷமாக பெங்களூர் போகும் காலை ரயில் வண்டியில் ஒரே பெஞ்சு. தன் கஸ்டமர் ஒருத்தர் அதிகம் தொடாமல் வைத்திருந்த கேம் பெட்டியை அவன் தம்பிக்காகக் கேட்டு வாங்கி வந்தான். அதற்கு நான் நீல வெல்வெட்டில் இரட்டைத் துணி வைத்து, அடியில் எலாஸ்டிக் போட்டு, மாப்பிள்ளை சட்டை மாதிரி தைத்தேன். முன்னால் பட்டனுக்கும் சிடி தட்டு போடும் வாய்க்கும் மட்டும் திறப்பு. ஆடும்போதுகூடக் கழற்ற வேண்டாம் என்பதுதான் அதில் என் சாமர்த்தியம். வந்தவர்கள் எல்லாம் பெட்டியை விட்டுவிட்டுக் கவரைத்தான் புகழ்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆட ஆரம்பித்தால் பெட்டி உய்யென்று கத்தும். "பவர் ஜாஸ்திக்கா, அப்டிதான் கத்தும்" என்றான் தம்பி. நாற்பதாவது நாள் கத்தல் நின்றது, திரையும் போனது.

லாய்ட் எடுத்துப்போய்த் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "போர்டு போச்சு மச்சான்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்தைத் தம்பி வேறு விதமாகப் படித்தான். மறுநாள் வண்டியில் முப்பது பேர் நடுவில், "எவனோ வீசினத்த கொண்டாந்து என் தலையில கட்டிட்டியேடா" என்று கேட்டுவிட்டான். லாய்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டானாம். அடுத்த நாளிலிருந்து அவன் கடைசிப் பெட்டியில் ஏறுகிறான். அதே பெஞ்சில் உட்காரும் ராஜப்பா தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "பழசுன்னா பழசுதான். இப்ப வர்ற மாலு எல்லாம் காகிதம்."

இந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழசு உழைக்கும் என்பவர்கள் செத்த பழசை எண்ணுவதில்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு டிவி, ஒரு டேப் ரெக்கார்டர், இந்த கேமுக்கே நாலு அடாப்டர் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பிழைத்ததைப் பரணில் வைத்துக் கொண்டாடுகிறோம், செத்ததைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டு மறந்துவிடுகிறோம்.

பழசின் முதுகு கழன்றது. உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சை அட்டை, மீதி எல்லாம் வெறும் இடம். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை! எனக்குச் சிரிப்பு வந்தது. சூடாவதற்கு அதில் எதுவும் இல்லை.

புதுசைத் திறந்தேன். உள்ளே இண்டு இடுக்கில்லாமல் சாமான். நடுவில் ஒரு விசிறி, அதன் வாயில் வரிசையாகத் தகடுகள். பக்கத்திலும் பின்னாலும் சீப்புப் பல் போலத் திறப்புகள். விசிறியைச் சுற்றி எதுவோ அப்பியிருந்தது. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

நீல வெல்வெட் பிசிறு.

கவரை எடுத்துப் பெட்டிமேல் போட்டுப் பார்த்தேன். ஒரு திறப்பு விடாமல் என் இரட்டைத் துணி கச்சிதமாக மூடியது. சந்தேகம் தீராமல், கேபிள் பெட்டியை ஒரு மணி நேரம் அந்தக் கவருக்குள் ஓடவிட்டுத் தொட்டேன். தோசைக்கல். கை சுட்டதைவிட மனசு சுட்டது. சுரங்கத்தின் அடியாழம் வரை காற்று போகிறதா என்று பார்ப்பதுதான் நைனாவின் வேலை. அவர் பெற்ற பெண்ணான நான் காற்று போகும் வழியை வெல்வெட்டால் அடைத்திருக்கிறேன். அது உய்யென்று கத்தியது பவரால் இல்லை. வெட்கமாக இருந்தது, லாய்டை நினைத்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

தம்பியிடம் பிசிறைக் காட்டினேன். விரலில் உருட்டிப் பார்த்தான்.

"சரி, வுடுக்கா. யாராண்டயும் சொல்லாத."

"லாய்டு?"

"ஆனது ஆய்ட்ச்சி. இப்ப போயி இன்னா சொல்றது அவனாண்ட?"

நல்லவன்தான். ஆனால் முப்பது பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்குவதற்கு நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது.

சாயந்திரம் கவரைப் பையில் போட்டுக்கொண்டு சாம்பியன் ரீப்ஸ் போனேன். லாய்ட் டீ போட்டுக் கொடுத்தான். நான் கவரை எடுத்ததுமே தலையசைத்தான்.

"தொறந்த அன்னைக்கே தெரியும் ஷாலினிக்கா. ஃபேன்ல நீல நூலு."

"அப்பறம் இன்னாத்துக்கு வாயத் தொறக்கல?"

"மொதல்ல உங்க பேர சொல்ல மனசு வரல. சரி, தனியா கேப்பான், மெதுவா சொல்லலாம்னு இருந்தேன். அவன் வண்டியில வச்சி கேட்டான். அங்க எப்டிக்கா சொல்றது, உங்க அக்கா தைச்ச கவரால போச்சுன்னு?" டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "தனியா கேக்கவே இல்ல."

பார்வையை எங்காவது வைக்கலாம் என்று டிவி பக்கம் திரும்பினேன். போன தீபாவளிக்கு நான் தைத்துக் கொடுத்த சிவப்புப் பூக் கவர் போட்டிருந்தது. பின்பக்கம் மட்டும் சதுரமாக வெட்டப்பட்டு, ஓரம் பிரியாமல் கையால் தைக்கப்பட்டிருந்தது. கோணல் தையல்.

"நான்தான் வெட்டினேன்" என்றான் லாய்ட். "சாரிக்கா."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்! அந்த நிமிஷம்தான் முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை விடிகாலை சித்தார்த்தனுக்கு முன்னாலேயே மாரிகுப்பம் ஸ்டேஷனில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. "வோணாங்க்கா" என்றான். அவன் பின்னாலேயே ஏறினேன். வண்டி கிளம்பியதும் கவரைத் தூக்கிப் பிடித்து, அந்தப் பெஞ்சுக்கும் எதிர்ப் பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"லாய்டு குடுத்தது நல்ல மாலுங்க. அத்தோட மூச்ச அடைச்சது நான் தைச்ச இந்தக் கவரு. அவனுக்குத் தெரியும், என் பேரு கெட்டுடக் கூடாதுன்னு சும்மா இருந்துட்டான்."

யாரோ சிரித்தார்கள். சீட்டு ஆடிக்கொண்டிருந்த கைகள் நின்றன. ராஜப்பா கவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எங்க வூட்டு ஃப்ரிட்ஜுக்கும் நீதான தைச்ச?" என்றார்.

"இன்னிக்கே கழட்டச் சொல்லுங்க" என்றேன்.

சித்தார்த்தன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. கோபமா வேறா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஸ்டேஷன் சாம்பியன் வந்தது. வேகம் குறைந்த வண்டி பிளாட்பாரத்தை ஒட்டி ஊர்ந்தபோது லாய்டைக் கடந்தோம். கடைசிப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில், போனைப் பார்த்தபடி தனியாக நின்றிருந்தான்.

வண்டி நின்றதும் சித்தார்த்தன் சட்டென்று எழுந்தான். டிபன் பையை என் மடியில் வைத்தான். இறங்கிப் பின்பக்கமாக ஓடினான். நான் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்தி எட்டிப் பார்த்தேன். ஏறுகிறவர்களின் தலைகள் மறைத்தன. அவன் போய்ச் சேர்ந்தானா, எதையாவது சொன்னானா, லாய்ட் திரும்பினானா, எதுவும் தெரியவில்லை. ஹார்ன் அடித்தது. வண்டி நகர்ந்தது. கூட்டம் விலகியபோது, பிளாட்பாரத்தில் இரண்டு பேருமே இல்லை.