வெளியில் செத்தவள்

ஆம்புலன்ஸ் கோவில்பதாகைத் தெருவுக்குள் பின்பக்கமாக ஊர்ந்து வரும்போதே ராமன் மாமா இரண்டு கையையும் தூக்கி மறித்துவிட்டார்.

"அங்கியே நிப்பாட்டு. ஊட்டாண்ட வராத. பந்தல்ல எறக்கு."

பந்தலை எதிர்வீட்டு மதிலோரம் போட்டிருந்தார்கள். நாற்காலி, மாலை, வாடகை ஐஸ் பெட்டி எல்லாம் அங்கேதான். அனுசுயா வண்டியின் முன்சீட்டிலிருந்து குதித்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு விமான நிலையத்தின் சரக்குக் கூடத்தில் போய் நின்றவள். அங்கே அம்மாவை எடை போட்டு, ரசீது கிழித்து, பெயர் ஒட்டிய ஒரு மரப்பெட்டியாகக் கையில் ஒப்படைத்தார்கள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"எதுக்கு மாமா பந்தல்ல? மேல நம்ம ஊடு கீது."

"வெளியில செத்த பொணம் ஊட்டுக்குள்ள வராது. அதுவும் அறுத்த பொணம். இத்தகூடவா உனக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்கணும்?"

"அது எங்கம்மா மாமா. பொணம் பொணம்ங்காதீங்க."

"எனக்கு மட்டும் இன்னாவாம்? கூடப் பொறந்தவடி."

அதுவும் உண்மைதான். ராமன் மாமா கெட்டவர் இல்லை. தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை நேற்றே வாங்கி வைத்துவிட்டு, அதை மடியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அழுதார். அழுது முடித்த கையோடு சட்டம் பேச ஆரம்பித்துவிட்டார்.

அம்மா வேம்புலியம்மாள் இறந்து இன்றோடு மூன்று நாள். வயது ஐம்பத்தெட்டு. டார்ஜிலிங்குக்கு அப்பால், நேபாள எல்லையை ஒட்டிய மலைமுகட்டில் ஆறு நாள் நடைப் பயணம் போயிருந்தாள். சாயங்காலம் ஒரு குடிலில் படுக்க வேண்டும்; காலையில் மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு அடுத்த குடிலுக்கு நடக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தப் பயணம். ஐந்தாம் நாள் காலை, குடில்காரர் கொடுத்த டீயைக் கையில் வாங்கியவள் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். பிரேதப் பரிசோதனை செய்து, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சேதி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களுக்கு அழுகையைவிடக் கேள்விதான் அதிகம். இந்த வயசுல மலை கேக்குதா? புருசன் இல்லாதவளுக்கு எதுக்கு டூரு? பெத்த பொண்ணே டிக்கெட் போட்டு அனுப்பிச்சுதாமே? திருப்பதிக்குப் படியேறும்போது செத்திருந்தால் இதே வாய்கள் புண்ணியவதி என்றிருக்கும். சாமி இல்லாத மலைக்குப் போனதுதான் அம்மா செய்த குற்றம்.

சாமி இல்லாவிட்டால் என்ன, அம்மாவுக்கு அங்கே வேலை இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் அவள் ஏற்றுமதிக்கு முதுகுப்பை தைத்தாள். தோள்பட்டை வார் வைக்கிற லைன். நடுவில் நாலு வருஷம் பனிக்கோட்டுக்கு ஜிப். வாழ்நாளில் ஊட்டிகூடப் பார்த்ததில்லை. "இம்மாம் பெரிய பைய மாட்டிகினு எங்கடி போவாங்க?" என்று அனுசுயாவைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ரிட்டையர் ஆன பிறகு பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றித் தினமும் நடந்தாள். அங்கே நடக்கிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து மலைக்குப் போகிறார்கள் என்றதும், இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நானும் போறேன், பேரு குடு" என்றாள். அனுமதி கேட்கவில்லை. தகவல் சொன்னாள்.

டாக்டரிடம் காட்டி, சர்டிபிகேட் வாங்கி, டிக்கெட் போட்டது அனுசுயா.

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தது. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோமளா மெதுவாக இறங்கினாள். அம்மாவோடு ஒரே லைனில் தைத்தவள், மலைக்கும் ஒன்றாகப் போனவள். மூக்கும் கன்னமும் வெயிலும் குளிரும் பட்டு உரிந்திருந்தன. காலில் இன்னும் அந்த மலை ஷூதான். வேறு செருப்புப் போட அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

மாமா அவளைப் பிடித்துக்கொண்டார்.

"கூடவே இருந்தியே கோமளா, இன்னா பண்ணிகினு இருந்த? ஒடம்பு சரியில்லன்னா இட்டுகினு கீழ எறங்க வேணாம்?"

கோமளா அனுசுயாவைப் பார்த்தாள். விமான நிலையத்திலும் வண்டியில் வந்தபோதும் எதையோ முழுங்கி முழுங்கிக்கொண்டிருந்தவள், இப்போது வாயைத் திறந்தாள்.

"எறங்கத்தான் சொன்னோம்ண்ணே. மூணா நாளே அவளுக்கு மூச்சு வாங்குச்சு. தல வலிக்குதுன்னா. அந்த மல மேல ஜீப் போற ரோடு ஒண்ணு கீது. கைடு உடனே போன் போட்டு வண்டிய வரவச்சுட்டாரு. கதவத் தொறந்துகினு நிக்கறாங்க. ஏறமாட்டேன்னுட்டா."

பறை அடிக்க வந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"ஏறமாட்டேன்னா? இன்னா சொன்னா?"

"‘இருவத்தாறு வருசம் கம்பெனி பஸ்ல ஏறி எறங்கிட்டேன், நடக்க வந்தவள இன்னாத்துக்கு வண்டில ஏத்துறீங்க'ன்னா. கைடு கோச்சுகினாரு. நானும் திட்னேன். அன்னிக்குப் பகல் பூரா படுத்துகினு இருந்தா. மறுநா காலைல எனக்கு முன்னாடி ஷூ போட்டுகினு நிக்கறா. அன்னிக்கு உச்சிக்குப் போயிட்டாண்ணே. பனி மலைங்க எல்லாம் வரிசையா தெரிஞ்சுது. அங்க நின்னுகினு, ‘இதுக்குத்தான்டி அவ்ளோ ஜிப்பு தெச்சோம்'னு சொல்லி அப்டி சிரிச்சா. அதுக்கு அடுத்த நாதான்..."

கோமளா முந்தானை இல்லாத அந்த மலைச் சட்டையின் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டுக்கினீங்களா?" மாமா பந்தலைப் பார்த்துத் திரும்பினார். "ஜீப்ல ஏறியிருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பா. திமிரு. அந்தத் திமிருதான் என் தங்கச்சிய கொன்னுச்சு."

மூன்றாம் நாள் ராத்திரி அம்மா அனுப்பிய குரல் பதிவு அனுசுயாவின் போனில் இருக்கிறது. இந்த மூன்று நாளில் அதை இருபது தடவை கேட்டிருப்பாள். "நல்லா கீறேன்டி. இங்க ஒரு வெள்ளக்காரப் பொண்ணோட பை வார் பிஞ்சுபோச்சு, நான்தான் தெச்சுக் குடுத்தேன். கண்ட கம்பெனி தையலு, நிக்கவே இல்ல. சரி, தூங்கப் போறேன்." மூச்சு வாங்கியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொய்க்காரி. ஏம்மா ஏறல? ஏறித் தொலைச்சிருந்தா இன்னாம்மா? பெட்டியை ஓங்கிக் குத்தவேண்டும்போல அவளுக்குக் கோபம் வந்தது. அம்மா மேல் இவ்வளவு கோபம் அவளுக்கு எப்போதும் வந்ததில்லை.

மாமாவின் முகத்தில் அழுகைக்கு நடுவே ஏதோ ஒரு திருப்தி தெரிந்தது. அதைப் பார்த்ததும் அனுசுயாவின் கோபம் சட்டென்று திசை மாறிவிட்டது.

"ஆமா மாமா. திமிருதான்."

"இன்னா?"

"திமிருதான்னு சொல்றேன். அந்தத் திமிருலதான் எங்கப்பா செத்த அப்பால உங்க ஊட்டாண்ட வந்து கைகட்டி நிக்காம எங்க ரெண்டு பேரையும் வளத்தா. அந்தத் திமிருலதான் இந்த மாடிய கட்னா. அப்பல்லாம் ‘என் தங்கச்சிக்கு தெகிரியம் ஜாஸ்தி'ன்னு சேக்காடு வரைக்கும் சொல்லிகினு திரிஞ்சீங்களே. மல ஏறினா மட்டும் அதுக்குப் பேரு திமிரா?"

"வாய மூடு அனு. நீ அனுப்பிச்சு வச்சுட்டு—"

"நான்தான் அனுப்பிச்சேன். மறுபடி கேட்டாலும் அனுப்புவேன்."

சொல்லிவிட்டாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. அம்மா திரும்பி வருவாள் என்றால் ஆயிரம் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுவாள். ஆனால் இந்தக் கூட்டத்துக்கு முன்னால் செத்தாலும் அதைச் சொல்லமாட்டாள்.

"எங்கம்மா தப்பு எதுவும் பண்ணல. தப்புப் பண்ணவளாட்டம் தெருவுல படுக்க வெக்கமாட்டேன். அவ ஊட்டுக்குத்தான் போவா."

தம்பி தினகரன் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். மொட்டையடிக்க உட்கார்ந்து பாதியில் எழுந்து வந்தவன் மாதிரி தலையெல்லாம் ஈரம்.

"விடுக்கா. எனக்கு மட்டும் ஆச இல்லியா? நிவேதிதா ஏழு மாசம். மேலதான் கீறா. நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா எல்லாரும் என்னத்தான்க்கா கேப்பாங்க."

அனுசுயா தனக்காக என்றால் யாரோடும் மல்லுக்கட்டுவாள். தம்பி பெண்டாட்டியை, வயிற்றுப் பிள்ளைக்காரியைக் காட்டினால் என்ன செய்வது? மாமாவுக்கும் அது தெரியும். பெட்டியைத் தூக்கும் ஆட்களைப் பந்தல் பக்கமாகக் கையைக் காட்டினார்.

"ஏங்க, யாரும் பந்தலுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க."

மேலேயிருந்து வந்தது குரல். மாடி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிவேதிதா நின்றிருந்தாள். சேலத்துப் பெண், கல்யாணமாகி வந்த இரண்டு வருஷத்தில் தெருவில் யாரும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஹாலை ஒழிச்சு வச்சுட்டேன். விளக்கு ஏத்தியாச்சு. அத்தைய மேல கூட்டிட்டு வாங்க அண்ணி."

"நீ உள்ள போ நிவி," என்றான் தினகரன்.

"போகமாட்டேன். என் பேரச் சொல்லி அவங்கள வெளிய நிறுத்தாதீங்க. நாளைக்கு என் புள்ள கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

தினகரன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். பிறகு அக்காவின் கையை விட்டுவிட்டுப் பெட்டியின் பக்கம் போனான்.

மாமா விடவில்லை. இப்போது அவருக்கு வேறு காரணம் கிடைத்தது.

"சரி, இட்டுகினு போங்க. எப்டி போவீங்க? பெட்டி ஏறாது. பீரோவையே கயிறு கட்டித்தான் மேல தூக்கினோம்."

அதுவும் நிஜம். வீட்டுக்கு வெளிப்பக்கம் சுவரோடு ஒட்டி ஏறுகிற படிக்கட்டு, ஒரு ஆள் அகலம்தான். பத்துப் படி ஏறினால் ஒரு சின்னத் திட்டு, அங்கே திரும்பி இன்னும் ஒன்பது படி. ஆறடிப் பெட்டி அந்தத் திருப்பத்தில் திரும்பவே திரும்பாது. தூக்க வந்த ஆட்கள் படியைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். அதில் ஒருவர், "அறுத்த பாடிய கையில தூக்கமாட்டோம்மா, தப்பா எடுத்துக்காத" என்றார்.

"உங்கள யாரு தூக்கச் சொன்னது?" என்றாள் கோமளா.

ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் காலிலிருந்து உதறினாள். தெருமுனையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு தயங்கி நின்ற லைன் பெண்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"வாங்கடி இங்க. அஞ்சு பேரு போதும். அனு, உங்கூட்டு ஜமுக்காளம் எட்தா."

நிவேதிதா மேலேயிருந்தே ஜமுக்காளத்தைப் போட்டாள். பெட்டியைத் திறந்தார்கள். வெள்ளைத் துணி சுற்றி, முகம் மட்டும் தெரிய, வேம்புலியம்மாள் படுத்திருந்தாள். அவள் மூக்கும் கோமளாவின் மூக்கைப் போலவே உரிந்திருந்தது. அனுசுயா இவ்வளவு நேரம் அடக்கியதெல்லாம் அதைப் பார்த்ததும் உடைந்தது. "எம்மா, எம்மா" என்று அந்த உரிந்த மூக்கைத் தடவித் தடவி அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை அந்தப் பெண்கள் ஜமுக்காளத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

பிறகு தூக்கினார்கள். தலைமாட்டில் அனுசுயாவும் கோமளாவும் பின்னோக்கி ஏற வேண்டும். கால்மாட்டில் தினகரனும் ஒரு பெண்ணும். நடுவில் இரண்டிரண்டு பேர், ஒரு ஆள் அகலப் படியில் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு.

"விடாத. கொத்தா சுருட்டிப் புடி," என்றாள் கோமளா. "தையக்காரி கை, நழுவாது."

ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்றார்கள். ஜமுக்காளத்தின் விளிம்பு அனுசுயாவின் விரல்களை அறுத்தது. கோமளாவுக்கு முட்டி வீங்கியிருந்தது. ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கும்போதும் "ஸ்ஸ்" என்றாள், ஆனால் நிற்கவில்லை. கீழே கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. பொம்பளைங்க தூக்குறாளுங்க பாரு என்று யாரோ சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தாள் அனுசுயா. நல்லா சத்தமாவே சொல்லட்டும்.

திட்டில் இறக்கி வைக்காமல், சுவரில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினார்கள். ராமன் மாமா கோடிப் புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் படியருகே நின்றிருந்தார். மேலே பார்க்கமாட்டேன் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போலாமா?" என்றாள் கோமளா.

திருப்பத்தில் ஜமுக்காளம் ஒரு பக்கமாகச் சரிந்தது. நடுவில் பிடித்த பெண் தடுமாறினாள். அம்மாவின் தலை சுவரை நோக்கி ஆடியது.

"ஏய், பாத்து!" கீழேயிருந்து மாமா கத்தினார். குரல் உடைந்துவிட்டது. "தலய தூக்கிப் புடி அனு. செவுத்துல இடிக்கப் போவுது. வலிக்கும்டி அவளுக்கு."

அனுசுயா தலைமாட்டைத் தன் நெஞ்சுவரை உயர்த்தினாள். மேலே இன்னும் ஒன்பது படி இருந்தது.