ஏலம் கீழே இறங்கிய நாள்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம். யாருடைய தலை வேண்டுமானாலும்.

ஏலக்காரர் வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு சம்மன் வந்தன. மாடி எடுப்பதற்காக அந்த வீட்டையே ஈடு வைத்து வங்கியில் வாங்கிய கடன். தவணை நின்று வெகுநாள் ஆயிற்று. வங்கி அலுத்துப்போய்க் கடனை ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்றது. விற்றது மறந்துபோய் இன்னொரு நிறுவனத்துக்கும் விற்றது. இரண்டும் வழக்குப் போட்டன. இரண்டும் கேட்டது வீட்டை.

"அடேயப்பா, ஒரு வீட்டுக்கு ரெண்டு கிராக்கி!" என்றார் ஏலக்காரர். பழைய பீரோவும் கால் ஆடும் கட்டிலும் விற்றே பழுத்த வாய் அது. இரண்டு பேர் முட்டிக்கொண்டால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. அப்புறம் நடுத்தெருவுல நின்னும் சிரிக்கலாம்," என்றாள் மனைவி. "பதில் போடலைன்னா ஒருதலையா தீர்ப்பு எழுதிடுவாங்களாம். உக்காருங்க, நான் சொல்றதை எழுதுங்க."

அவள் சொன்னது இவ்வளவுதான்: கடன் வாங்கியது நிஜம். கொடுத்தவர் ஒருவர், கேட்டு வந்திருப்பவர்கள் இருவர். யாருக்குச் சேரவேண்டும் என்று முதலில் முடிவாகட்டும். அடியில் ஏலக்காரர் பழக்கதோஷத்தில் 'பொருள் உள்ளது உள்ளபடி' என்று சேர்த்திருந்ததை அவளே அடித்தாள்.

அதைப் படித்த நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, எல்லோரையும் சமரச அறைக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே ஒரு நீள மேசை, ஓடாத மின்விசிறி, அரைத்தூக்கத்தில் ஒரு சமரசக்காரர். எதிரே இரண்டு வக்கீல்கள், ஒருவர் குண்டு, ஒருவர் ஒல்லி.

"தொகையைச் சொல்லி முடிங்கப்பா," என்றார் சமரசக்காரர், கண்ணைத் திறக்காமல்.

"வட்டியைத் தள்ளி அஞ்சு லட்சம்," என்றார் குண்டு வக்கீல்.

தொகை காதில் விழுந்ததுதான் தாமதம், ஏலக்காரர் எழுந்துவிட்டார். "அஞ்சு லட்சம் ஒரு தரம்! பாத்துக்கங்க, ஒரே கையில இருந்த கடன், வெயில் மழை படாத கடன்! அஞ்சுக்கு மேல யாரு?"

"அஞ்சரை!" என்றார் ஒல்லி வக்கீல், கை தானாக உயர.

"ஆறுன்னு யாராச்சும்..."

மனைவி தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். "ஏங்க, விக்கிறது பீரோ இல்ல, நம்ம கழுத்து! கீழ இறக்குங்க!"

ஏலத்தைக் கீழே இறக்குவதா? அவர் வம்சத்திலேயே யாரும் செய்யாத காரியம். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் குரல் வந்தது.

"இனிமே குறைச்சுக் கேக்கறவருக்குத்தான் என் கையெழுத்து. மத்தவர் மூட்டையைக் கட்டிக்கலாம். அஞ்சுக்குக் கீழ யாரு?"

வெறுங்கையோடு போனால் கட்சிக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"நாலு," என்றார் ஒல்லி.

"மூணு," என்றார் குண்டு. "இவரு எப்பவும் இப்படித்தான் சார், ஊடால பூந்து கெடுப்பாரு."

"யாருய்யா கெடுக்கிறது? ரெண்டு!"

"ஒண்ணு!"

"என்ன சார், கல்யாண வீட்டுல மொய் எழுதற மாதிரி இழுக்கறீங்க?" என்று ஏலக்காரர் உசுப்பிவிட்டார். "அரை!" என்றார் ஒல்லி. குண்டு வக்கீல் கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்தார்.

"ஒண்ணுமே வேண்டாம், போ!"

ஏலக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் விரலை இன்னும் கீழே காட்டினாள்.

"சும்மா ஒரு தரம்... சும்மா ரெண்டு தரம்..."

"இருங்க!" ஒல்லி வக்கீல் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "நாங்க பத்தாயிரம் தர்றோம்! கையெழுத்தை எங்களுக்குப் போடுங்க!"

"பன்னெண்டு!" என்று மேசைத் தலைமாட்டிலிருந்து ஒரு குரல். சமரசக்காரர் முழுசாக விழித்திருந்தார்.

"ஐயா, நீங்க எதுக்கு?" என்றாள் மனைவி.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா."

"பதினஞ்சு!" என்று குண்டு வக்கீல் அலறினார். ஒல்லி வக்கீல் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கி உட்கார்ந்தார்.

"பதினஞ்சு மூணு தரம்!" ஏலக்காரர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

தோற்ற கோபத்தில் ஒல்லி வக்கீல் தன் வழக்கை வாபஸ் வாங்கும் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஜெயித்தவரை மனைவி விடவில்லை. 'வீட்டின் மேல் இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று அவர் கையாலேயே எழுத வைத்தாள். பதினைந்தாயிரத்தையும் எச்சில் தொட்டு எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். வாசல்வரை வந்து வழியனுப்பிய சமரசக்காரர், அடுத்த ஏலம் எப்போது என்று கேட்டார்.

நல்லவேளை, சத்தியம் செய்தது என் தலையில் இல்லை: அந்த வீடு போன மாதம் அதே கடனுக்காக ஏலத்தில் போயிற்று; மூன்று தரம் சொல்லி நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவர் ஏலக்காரரேதான்.