சும்மா நின்ற காந்தம்

என் தம்பி பெண்டாட்டிக்கு வீட்டில் நான் அண்ணி, பள்ளிக்கூடத்தில் மேடம். நான் வேதியியல், அவள் இயற்பியல். அவள் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று தலைமை ஆசிரியை இன்றைக்கு முடிவு செய்வார். வகுப்பில் ஒரே சத்தம், பாடமும் பின்தங்கிவிட்டது என்று ஏற்கெனவே புகார் இருந்தது. சிபாரிசு செய்தவள் நான்தான். அவளோடு சேர்ந்து என் மானமும் கப்பலேறக் காத்திருந்தது.

காலையில் சாப்பிடும்போதே சொன்னேன். "இன்னைக்காவது போர்டுல எழுதிப் போட்டு முடிச்சிடு. காந்தத்தை அசைச்சா மின்சாரம் வரும். அவ்வளவுதானே?"

"சொன்னா எழுதிக்குவாங்க அண்ணி. கண்டுபிடிக்க மாட்டாங்க."

நான் சொல்லி என்றைக்கு இவள் காதில் ஏறியிருக்கிறது?

ஆய்வகத்தில் நானும் தலைமை ஆசிரியையும் பின்னால் உட்கார்ந்தோம். மேசையில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் பிள்ளைகளே சுற்றிய செப்புக் கம்பி, கம்பியின் இரு முனைகளோடு இணைத்த, மின்சாரம் பாய்ந்தால் முள் அசையும் கால்வனாமீட்டர், பக்கத்தில் ஒரு காந்தம். "பேட்டரி கிடையாது. இந்த முள்ளை நகர்த்துங்க பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டாள். ஆளாளுக்குக் காந்தத்தைக் குழாய்க்குள் விட்டார்கள். முள் ஒருமுறை துள்ளியது, ஒருமுறை படுத்துக்கொண்டது. "உன் கை ராசியில்லடா!" "நீ கண்ண மூடிட்டுப் பார்த்தியா?" வகுப்பு சந்தைக்கடை ஆனது.

தலைமை ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் போனார். "குடுங்க இங்க."

ஊசியில் நூல் கோப்பதுபோல் மெள்ள, மிக மெள்ளக் காந்தத்தை உள்ளே விட்டார். விட்டதும் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கருவி ரிப்பேர். ரிப்பேரான சாமானை வச்சா பாடம் நடத்துறீங்க?"

பதில் ஒரே வரிதான், சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவளோ பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"மேடம் காந்தத்தை உள்ளதான் வச்சிருக்காங்க. முள் நகரல. ஏன்?"

அடிப்பாவி! தலைமை ஆசிரியையையே பாடமாக்கிவிட்டாளே!

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஆசிரியர்கள் நாங்கள்கூட அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பில் உட்கார்ந்ததைவிடத் தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நின்றதுதான் அதிகம்.

"கருவி நல்லாதான் இருக்கு மேடம். நீங்கதான் சும்மா நிக்கிறீங்க."

"என்ன சொன்ன?"

"உள்ள இருந்தா மட்டும் போதாது மேடம். அசையணும். மெதுவா இல்ல, வெடுக்குனு. இப்ப வெளிய இழுத்துப் பாருங்களேன்."

தலைமை ஆசிரியை அவளை முறைத்தார். பிறகு காந்தத்தை வெடுக்கென்று இழுத்தார். முள் துள்ளியது. வேகமாக உள்ளே விட்டார்; எதிர்ப்பக்கம் துள்ளியது. மறுபடி இழுத்தார், மறுபடி விட்டார். மணி அடித்தது. அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று "இன்னும் வேகமா மேடம்!" என்று கத்தினார்கள். என் தம்பி பெண்டாட்டி ஒரு மூலையில் கைகட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

சாயங்காலம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"அந்த வாலு வருஷம் முழுக்க என் ரூம் வாசல்ல நின்னிருக்கா. ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்ல. அவளைப் பேச வச்சிட்டாங்களே! உங்க தம்பி வீட்டம்மா இங்கயே இருக்கட்டும்."

கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லிவிட்டுக் கதவுவரை போயிருப்பேன்.

"ஒரு நிமிஷம். உள்ள விட்டா ஒரு பக்கம், வெளிய இழுத்தா இன்னொரு பக்கம் போகுதே, அது ஏன்?"

நான் வாயைத் திறந்தேன். அவர் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார்.

"வேணாம், சொல்லிடாதீங்க. நாளைக்கு நான் வகுப்புக்கு வரேன்."