ஏழாவது கைப்பிடியின் எடை

அண்ணி கடைந்த ஏழாவது கைப்பிடியின் எடை மைனஸ் மூன்று கிராம். தராசில் கோளாறு இல்லை. தட்டில் வைத்தால் நிற்காமல் உத்தரத்துக்குப் போய்விட்டதால், அதை நூறு கிராம் எடைக்கல்லோடு நூலால் கட்டி நிறுத்தார்கள், தொண்ணூற்றேழு காட்டியது. எடைக்கல் தேய்ந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் பலசரக்குக் கடையிலிருந்து இன்னொரு கல்லை இரவல் வாங்கி வந்து நிறுத்த பிறகுதான், எடைக்காரி நோட்டில் தேதி போட்டு எழுதினாள்.

எடைக்காரி என்பது தெரு வைத்த பெயர். வாங்கிய உருளைக்கிழங்கை வீட்டுக்கு வந்து மறுபடி நிறுப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அண்ணனும் அண்ணியும் நடத்திய பட்டறையில் நிறுப்பதும் பொட்டலம் கட்டுவதும் அவள் வேலை. தூண்டில் கம்புகளுக்கு லேசான மரக் கைப்பிடிகள் செய்யும் பட்டறை அது. கைக்கு ஒன்றாகத்தான் செய்வார்கள். வாடிக்கையாளர் ஈரக் களிமண்ணை ஒருமுறை இறுக்கிப் பிடித்து, விரல் பதிந்த அந்த உருண்டையை டப்பாவில் வைத்து அனுப்புவார். அண்ணி அதன் மேடுபள்ளங்களைக் காலிப்பரால் அளந்து, இலவ மரக்கட்டையின் நடுவே துளையிட்டு, லேத்தில் ஏற்றி, அந்தக் கைக்கான வளைவு வரும்வரை உளி பிடிப்பாள். பிறகு உப்புத்தாள், மெல்லிசாக ஒரு பூச்சு வார்னிஷ். அண்ணன் அதைக் கம்பில் கோத்து, பசை வைத்து, விரலில் வைத்துச் சமநிலை பார்ப்பான். கைப்பிடி போனதும் களிமண்ணைப் பிசைந்து மறுபடி தொட்டியில் போட்டுவிடுவார்கள். அலமாரியில் தங்கியது அண்ணனுடைய உருண்டை ஒன்றுதான்.

தூரதேசம் போகும் ஒரு மீன்பிடிக் கப்பலில் கம்புகளைப் பழுதுபார்க்க ஆள் கேட்டார்கள். ஆறு மாதம் என்றார்கள். அண்ணி அவன் கைக்கென்று கடைந்த கைப்பிடியோடு ஒரு கம்பை வாசலில் நீட்டினாள். அவன் வாங்கி ஒருமுறை வீசிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். "கனமா இருக்கு. நான் வர்றதுக்குள்ள லேசா ஒண்ணு பண்ணி வை." போய்விட்டான். அந்தக் கைப்பிடி இருபத்தெட்டு கிராம். நாட்டிலேயே அதைவிட லேசாக யாரும் செய்ததில்லை என்பதை எடைக்காரி அறிவாள். ஆனால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது. மூன்றாம் வருடம் ஒரு துறைமுகத்தின் படம் போட்ட அட்டை வந்தது. அதன்பிறகு தபால்காரர் இந்த வீட்டைப் பார்க்காமலே கடந்துபோகப் பழகிக்கொண்டார்.

ஒவ்வொரு வருடமும், அவன் கிளம்பிய தேதியில், அண்ணி அவன் உருண்டையை எடுத்து அளந்து ஒரு கைப்பிடி கடைந்தாள். இரண்டாவது இருபத்துமூன்று கிராம். பிறகு பத்தொன்பது, பன்னிரண்டு, ஆறு. ஆறாவதை நிறுத்தபோது தராசு ஒன்றும் காட்டவில்லை. மரம் அதே மரம், உளியும் அதுதான். வாடிக்கையாளர்களுக்குச் செய்தவை எப்போதும்போல் இருபத்தெட்டே இருந்தன. ஏழாவதை நூல் கட்டி ஆணியில் மாட்டியபோது அது பலூன்போல் நேராக நிற்காமல் தெற்குக் கதவின் பக்கம் சாய்ந்து நின்றது. துறைமுகம் தெற்கேதான். தூண்டில் கம்பு வியாபாரி ஒருநாள் வந்தவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இதே மாதிரி முப்பது போட்டுக் குடும்மா. மீனே தானா மேல வந்துடும்போல இருக்கே."

"அது விக்கிறதுக்கில்லைங்க," என்றாள் அண்ணி. "எங்க வீட்டுக்காரர் கைக்குச் செஞ்சது."

"அவர் போய் எத்தனை வருஷம்?"

"வந்துடுவார். இப்பதான் லேசாயிருக்கு."

எடைக்காரி பொட்டலம் கட்டிக்கொண்டே அண்ணியைப் பார்த்தாள். அண்ணி மெலியவில்லை, ஐம்பத்தெட்டு கிலோ, மாதாமாதம் நிறுக்கிறாள். ஆனால் சாப்பிடும்போது கை பாதியில் நின்றுவிடும். தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் லேத்தை நிறுத்துவாள். அவ்வளவு ஏக்கத்தை ஒருவர் எங்கே வைத்துக்கொள்வார் என்று எடைக்காரி யோசித்ததுண்டு. அவளுக்கும் அவன் அண்ணன்தான். ஆனால் அவள் ஏங்கவில்லை, கோபமாகத்தான் இருந்தாள். அது தப்போ என்றும் அவ்வப்போது தோன்றியது.

எட்டாவது கைப்பிடியும் மைனஸ் மூன்றே காட்டியது. அதை ஆணியில் மாட்டுமுன், பழைய நோட்டைப் புரட்டிய எடைக்காரிக்கு ஒன்று இடித்தது. எடையைப் போலவே பிடியின் குறுக்களவும் வருடாவருடம் குறைந்திருந்தது. மூன்று முறை அளந்தாள். காலிப்பரைத் துடைத்து நான்காவது முறை அளந்தாள். மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்குச் சொன்னாள்.

"அண்ணி, நான் அளந்தது தப்பாவும் இருக்கலாம்."

"பீடிகை போடாம சொல்லுடி."

"இது அண்ணன் கைக்குச் சேராது. நாலு மில்லிமீட்டர் சின்னது."

அண்ணி அலமாரியைப் பார்த்தாள். தூசு படியாமல், வெடிக்காமல் இருக்கட்டும் என்று அந்த உருண்டையை வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆணியில் தொங்கிய துணி மண் நிறத்தில் இருந்தது. ஏழு வருடமாக அவன் கையைக் கொஞ்சங்கொஞ்சமாகத் துணியில் எடுத்துவிட்டிருந்தாள்.

"துடைச்சுத் துடைச்சே தேய்ச்சுட்டேனா? அப்ப இது யார் கை?" என்று கேட்டபடி கைப்பிடியை எடுத்துப் பிடித்தாள். ஐந்து விரலும் இடம் தேடாமல் உட்கார்ந்தன. "எனக்குல்ல சரியா இருக்கு," என்றாள். அப்போது அவள் பாதங்கள் தரையில் இல்லை.

ஐம்பத்தெட்டு கிலோவைத் தூக்க இப்படிப்பட்ட கைப்பிடி பத்தொன்பதாயிரத்து முன்னூற்று முப்பத்துநான்கு வேண்டும் என்று எடைக்காரி முன்பே ஒருமுறை கணக்குப் போட்டிருந்தாள். கணக்கில் எங்கே தவறு என்று இன்றுவரை அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த நேரத்தில் எட்டிக் கணுக்காலைப் பிடித்தாள். ஒரு செருப்பு கையோடு வந்தது.

"அண்ணி, பிடியை விடுங்க!"

"விட்டா மண்டை உடையும்டி."

"அப்ப விடாதீங்க!"

"ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அண்ணி சிரித்தாள். அவள் சிரித்து எடைக்காரி பார்த்தது ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை. கைப்பிடி தெற்கே இழுத்தது. அண்ணியின் தோள் சாத்திய கதவில் லேசாக முட்டியது. "கதவைத் திற," என்றாள், தண்ணீர் கேட்பதுபோல. எடைக்காரி கணுக்காலை விடாமல் முக்கால் மணி நேரம் நின்றாள். திறந்தால் திரும்பி வருவாளா என்பதற்கு அளவு எதுவும் இல்லை. திறக்காவிட்டால் அண்ணி இந்தக் கதவில் முட்டிக்கொண்டே இருப்பாள் என்பது மட்டும் உறுதி. கடைசியில் மதியச் சாப்பாட்டு டப்பாவை அண்ணியின் இடுப்பில் கட்டிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள். எதிர்வீட்டுத் தையல்காரர் அண்ணாந்து பார்த்து, "வெயிலா இருக்கே, ஒரு குடை எடுத்துக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். பிறகு ஊசியில் நூல் கோத்தார்.

எடைக்காரி லேத்தில் உட்கார்ந்தாள். ஆர்டர்கள் காத்திருந்தன. முதல் மாதம் கடைந்ததில் பாதி அடுப்புக்குப் போயிற்று. "உங்க அண்ணி வேலைக்கும் உன் வேலைக்கும் வித்தியாசம் தெரியுதும்மா," என்றார் வியாபாரி. எவ்வளவு என்று கேட்டாள். "நாலு கிராம்," என்றார். அது சரியான கணக்கு. தேய்ந்த உருண்டையைக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து மூடினாள், துடைக்கவே இல்லை. அண்ணியின் கைக்கு அதுதான் ஒரே அளவு. அண்ணி போன தேதி வந்தபோதெல்லாம் அதைப் பார்த்து ஒரு கைப்பிடி கடைந்தாள். முதல் வருடம் முப்பத்திரண்டு கிராம். இரண்டாம் வருடம், யாரும் இல்லாத பட்டறையில் இரண்டு பேருக்குத் தேநீர் போட்டுவிட்டோம் என்று தெரிந்த அன்று கடைந்தது, மைனஸ் இரண்டு. அண்ணனுக்காக ஒரு கிராமும் குறைக்காத கை அது. இரண்டு முறை நிறுத்துவிட்டு, நூல் கட்டி, அதே ஆணியில் மாட்டினாள்.

அது தெற்கே சாய்ந்து நின்றது. சில மாதம் கழித்துத் தென்மேற்கே. மழைக்காலம் முழுவதும் ஒரே பக்கம் அசையாமல் நின்றதால், அண்ணி எங்கோ தங்கியிருக்கிறாள் என்று எடைக்காரி எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் சாய்வை அளந்து நோட்டில் எழுதினாள். கடிதம் வருகிற வீடுகளில் கடிதம் படிப்பதுபோல. மூன்றாம் வருடக் கோடையில் சாய்வு நாளுக்கு நாள் குறையத் தொடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கைப்பிடி எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது. மதியம் பார்த்தபோது நூல் தொய்ந்து, கைப்பிடி சுவரோடு கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

எடுத்து நிறுத்தாள். முப்பத்திரண்டு கிராம். இன்னொரு முறையும் நிறுத்தாள், அதே முப்பத்திரண்டு. நோட்டில் எழுதிவிட்டுக் கை கழுவினாள். தட்டுகளை எடுத்து வைத்தாள். இரண்டா மூன்றா என்று தெரியாததால் மூன்று வைத்தாள். ஒற்றைச் செருப்பின் தூசியைத் தட்டி வாசலில் போட்டுவிட்டு, தெற்குக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.