உதட்டில் பிடித்த பட்டன்

உங்கள் உதட்டை நீங்களே தொட்டுப் பார்த்து, இது யாருடையது என்று யோசித்ததுண்டா? எழுபத்தெட்டாம் வருஷம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

திருவண்ணாமலையில் ஒரு பேண்டு செட்டில் நான் முதல் ட்ரம்பெட். தூத்துக்குடியிலிருந்து வந்தவன். மாஸ்டர் கண்ணாயிரம் உதட்டைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார். மெல்லிசாக இருந்தால் ட்ரம்பெட், தடிப்பாக இருந்தால் மேளம். எனக்கு மெல்லிசு. மேளம் அடித்த மூர்த்திக்குத் தடிப்பு. ஓய்வு நேரத்தில் என் ட்ரம்பெட்டை வாங்கி எல்லாப் பாட்டும் ஊதுவான். மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஆனி மாதம் ஒருநாள் எழுந்தபோது வாய் கோணியிருந்தது. முகவாதம் என்று ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஆவணிக்குள் கோணல் போய்விட்டது. கண்ணாடியில் பழைய வாய்தான். ஆனால் டீ குடித்தால் ஓரத்தில் வழியும். சட்டை நனைந்த பிறகுதான் தெரியும்.

விடிந்தால் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் செட் வாசிக்க வேண்டும். நான் ஊதாவிட்டால் முதல் ட்ரம்பெட் கைவிட்டுப் போய்விடும். வேறு வேலை எனக்குத் தெரியாது.

"வாய் நேரா ஆயிடுச்சேப்பா, இன்னும் என்னா பயம்?" என்றார் மாஸ்டர்.

"ஊதுனா ஓரத்துல காத்து போயிருது மாஸ்டர்."

உதட்டில் பிடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, மாஸ்டர் ஒரு கோட்டுப் பட்டனில் நூல் கோத்தார். "பல்லுக்கு முன்னாடி வெச்சி உதட்ட மூடிக்கோ. நான் இழுப்பேன், உட்டுடாத."

மூடினேன். இழுத்தார். பட்டன் அவர் கையில் ஆடியதைப் பார்த்த பிறகுதான் அது வெளியே வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. இன்னொரு தடவையும் அப்படியே.

மூர்த்தி சிரித்தான். "என்னாண்ணே, கொழந்த கையில மிட்டாய் புடுங்கறாப்பல வருது?"

"நீ புடி பாக்கலாம், பஜ்ஜி வாயா" என்றேன்.

பட்டனைக் கழுவி மூர்த்தி வாயில் வைத்தான். மாஸ்டர் இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். நூல் அறுந்தது.

மூர்த்தி பட்டனை உள்ளங்கையில் துப்பினான். "கம்மி வெல நூலா மாஸ்டர்?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாயப் பாத்தே எத்தினி பேர மேளத்துக்குத் தள்ளிட்டேன்டா" என்றார்.

ட்ரம்பெட்டை அவனிடம் கொடுக்கச் சொன்னார். நீட்டினேன். மூர்த்தி உடனே வாங்கவில்லை.

"கோச்சிக்காதீங்கண்ணே."

"கோவம் இல்லப்பா" என்றேன். உண்மைதான். கோபமும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூரில் சீர்வரிசை ஊர்வலத்துக்கு மூர்த்தி ட்ரம்பெட் ஊதினான். நான் மேளம் அடித்தேன்.